கண்ணுக்கு ஒரு சுவர், உடம்புக்கு ஒரு சுவர்

கார்த்திகை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், செருப்புக்குள் புகுந்த கல்லை உதறுவதற்காக மாராத்தா சுவரில் கை ஊன்றியபோது, கை சுவருக்குள் போய், கையைத் தொடர்ந்து தோளும், தோளைத் தொடர்ந்து மாராத்தா முழுவதுமாகவும் போய், அந்தப் பக்கத்துக் குரோட்டன்ஸ் செடிகளின் மேல் விழுந்தாள். அடி ஒன்றும் படவில்லை. எழுந்ததும் முதல் வேலையாக, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. ஒடிந்த இரண்டு கிளைகளை ஒடிந்தது தெரியாதபடி நிமிர்த்தி வைத்துவிட்டு, வந்த வழியே சுவருக்குள் நுழைந்து எங்கள் பக்கம் திரும்பி, கல்லை உதறி, செருப்பைப் போட்டுக்கொண்டு, சுடுகாட்டு வழியாக ஓடையில் இறங்கி ஏறி நாற்பது நிமிடம் சுற்றி நடந்து, சற்று முன் தான் விழுந்து கிடந்த அதே வீட்டுக்கு, கால் மணி நேரம் தாமதமாக, பாத்திரம் துலக்கப் போய்ச் சேர்ந்தாள்.

"ஏம் மாரா இன்னிக்கு லேட்டு?" என்று கேட்டார் அந்த வீட்டுக்காரர் நாச்சிமுத்து.

"ஓடையில தண்ணி சாஸ்திங்க சார்" என்றாள் மாராத்தா. ஓடையில் அன்று கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நொச்சிக்காட்டுப்புதூர் காலனியில் நாங்கள் எழுபது குடும்பம் இருக்கிறோம். எங்களுக்குக் கிழக்கே, ஒரு சந்தன மரத்தைக்கூடக் கண்டிராத சந்தனத் தோப்பு அவென்யூ இருக்கிறது. அதைத் தாண்டினால் மெயின் ரோடும் பஸ் ஸ்டாப்பும். நடுவில் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு பாதை எங்கள் அப்பன் காலத்திலிருந்து இருந்தது. மனை பிரித்து விற்றபோது, காலனிப் பக்கம் தெரிந்தால் மனை போகாது என்று பாதையின் குறுக்கே எட்டடி உயரத்துக்குச் சுவரை எழுப்பி, உச்சியில் உடைந்த பாட்டில்களையும் பதித்து, அதற்குப் பாதுகாப்பு என்று பேரும் வைத்தார்கள். பதினோரு வருடம் ஆயிற்று. பிரசவ வலி வந்தவளையும் ஓடை வழியாகத்தான் தூக்கிப் போகிறோம், செத்தவனுக்கு மட்டும் அந்த வழி நேர் வழி. பாதை போட்டிருக்கிற நில அளவைப் படத்தின் நகலை வீட்டுக்கு ஒன்று எடுத்து, அதில் ஒன்றைப் பாலிதீன் உறையில் போட்டு, அதைக் காட்டாத அலுவலகம் இல்லை என்கிற அளவுக்குக் காட்டி முடித்து, உறை மூன்று முறை மாறிவிட்டது.

இரண்டு நாள் மாராத்தா வீட்டுக்கு வெளியே வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை ஒரு வெள்ளாடு தெரு நடுவில் எல்லோரும் பார்க்கச் சுவருக்குள் நடந்து போய், கொஞ்ச நேரம் கழித்து வாயில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு திரும்பி வந்ததால் விஷயம் வெளியே தெரிந்தது. பிள்ளைகள் பந்தை எறிந்தார்கள், போயிற்று. குச்சியை நீட்டினார்கள், போயிற்று. ஆனால் சுவர் சுவராகவேதான் நின்றது. அதே பாசி, அதே காரை பெயர்ந்த இடங்கள், மத்தியானத்தில் அதே நிழல், மழை பெய்தால் அதே ஈரம். பார்வையை மறித்தது, ஆளை மறிக்கவில்லை. அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பது இங்கே தெரியாது, இங்கே யார் நிற்கிறார்கள் என்பது அங்கே தெரியாது, யார் வேண்டுமானாலும் எந்த நொடியிலும் யார் மூஞ்சிக்கு நேராகவும் முளைக்கலாம் என்கிற நிலைமையில் இரண்டு பக்கத்திலும் தூக்கம் கெட்டுப்போயிற்று.

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே ஓடிப் போய்க் கடந்திருப்பார்கள், தேங்காய் உடைத்துக் கும்பிட்டிருப்பார்கள். நாங்கள் தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டோம்.

பேரூராட்சியில் ரோடு கூட்டி ஓய்வு பெற்ற பழனான்தான் முதலில் பேசினார். எங்களில் ரொம்ப விவரமானவர், அதாவது எதையும் நம்பாதவர். "பதினோரு வருசமா வுடாதவன் இன்னிக்கு எதுக்கு வுடறான்? சொல்லுங்க பார்க்கலாம். ரோசனை பண்ணாம ஒருத்தன் கால வெச்சான்னு வெய்யி, அக்கட்ட நாலு பேரு போட்டோ எடுத்துக்கிட்டு நிப்பான். அத்துமீறி நுழைஞ்சான்னு கேசு. ஒரு கேசு விழுந்துதுன்னா பாதைக்குப் போட்ட மனுவெல்லாம் குப்பைக்குப் போயிரும். இது பொறி."

"ஆடு போச்சே, அதைப் புடிக்கலியே" என்றாள் மாராத்தா. அவளுக்கு அதற்கு மேல் சொல்ல ஆசைதான், சொல்லவில்லை.

"எலிப்பொறியில முதல்ல தேங்காப் பத்தையத்தான வெப்பாங்க" என்றார் பழனான்.

அது எங்கள் எல்லோருக்கும் சரியாகப்பட்டது. எங்களுக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. அதனால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எங்கள் ஆட்களே எங்கள் பக்கத்திலிருந்து சுவரைக் கடந்துவிடாமல் இருக்க நாங்களே காவல் போட்டோம். பந்தல்காரரிடமிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம்.

அந்தப் பக்கத்திலும் கூட்டம் நடந்தது. அவர்கள் மைக் வைத்துப் பேசினார்கள், அதனால் எங்களுக்கும் கேட்டது. அவென்யூ சங்கத்துச் செயலாளர் நாச்சிமுத்துதான். மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தக் கோளாறுக்கும் ஒரு ஆள் காரணம் என்று நம்புகிறவர். காலனிக்காரர்கள் சுவரின் அடிவாரத்தில் ஏதோ மருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்றார். செம்மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து பூசச் சொன்னார்கள். அவர் வீசிய சாந்து அத்தனையும் சுவரைக் கடந்து எங்கள் பக்கத்தில் குவியலாக விழுந்தது, அதை அள்ளி ஒரு வீட்டுக்குப் படி கட்டிக்கொண்டோம். சுவரை ஒட்டி இரண்டாவது சுவர் எழுப்பினார்கள். காலையில் வைத்த செங்கல் கெட்டியாகத்தான் இருந்தது, சாயங்காலத்துக்குள் பழைய சுவரோடு சேர்ந்த பாவத்துக்கு அதுவும் வெறும் தோற்றமாகிப் போயிற்று. கடைசியில் அவர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். யாரும் வந்துவிடக் கூடாது என்று அவர்களும், யாரும் போய்விடக் கூடாது என்று நாங்களும், ஒரே சுவரை இரண்டு பக்கத்திலிருந்தும் காத்தோம்.

ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்து கையைச் சுவருக்குள் விட்டு, வெளியே எடுத்து, முகர்ந்து பார்த்தார். நாச்சிமுத்து புகாரை நீட்டினார். எஸ்.ஐ. படித்துவிட்டு, "செவுத்த ஒடைக்கல, ஏறிக் குதிக்கல. எந்தப் பிரிவுல எழுதறதுங்க சார்?" என்று கேட்டார். நாச்சிமுத்து புகாரைத் திருப்பி வாங்கி மடித்துக்கொண்டார். எஸ்.ஐ. எங்கள் பக்கம் வருவதற்கு ஜீப்பில் ஏறி ஓடை வழியாகச் சுற்றித்தான் வந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் மாராத்தா தினமும் சுவருக்குள்ளாகத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியும் முன்னே, நாற்காலிகள் வருவதற்குள் போய்விடுவாள். அவளுக்கு இடது முழங்கால் வீங்கியிருந்தது. ஓடைச் சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடிக்க வேண்டும். சுவர் வழியாக அந்த வீட்டுப் பின்வாசல் இருபத்து மூன்று அடி. இந்த இருபத்து மூன்று அடிக்காக அவள் பொய் சொன்னாள், எங்களுக்கும் சொன்னாள், அவர்களுக்கும் சொன்னாள். நாச்சிமுத்து லேசுப்பட்ட ஆள் இல்லை, அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்ப்பார். ஓடை வழியாக வந்தால் செருப்பில் செம்மண் சேறு அப்பியிருக்க வேண்டும். மாராத்தா முந்தின நாளே ஓடைச் சேற்றை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்து, அதைச் செருப்பில் பூசிக்கொண்டு போனாள். அவர் சேற்றைப் பார்த்துத் திருப்தியாகாமல், அது எந்த அளவுக்குக் காய்ந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

இனி மாராத்தாவின் மகள் சுகிர்தாவைப் பற்றி. இதில் பலவும் அவளே பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அவள் கோயம்புத்தூரில் அவினாசி ரோட்டில் ஆறாவது மாடியில் ஏதோ கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள் என்பதும், என்ன வேலை என்று கேட்டால் "சுவத்துல முட்டற வேலை" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போவாள் என்பதும்தான். மறைக்கிறாள் என்று நினைத்தோம். அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் கம்பெனியில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். கொங்கு நாட்டுக் கிராமங்களில் மினி பஸ் ஓட்டுகிற விளையாட்டு. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கவும் செய்யலாம். ஊர்கள் நிஜம்போல இருக்க வேண்டும் என்று சில ஊர்களின் மேல் டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்து, அதைப் பார்த்து வீடு, மரம், டிரான்ஸ்பார்மர் எல்லாம் உருவாக்கியிருந்தார்கள். அதில் எங்கள் ஊரும் ஒன்று. சுகிர்தாவின் வேலை, திரைக்குள் இருக்கிற அந்த மனிதனை ஒவ்வொரு சுவருக்கும் கூட்டிப்போய், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுவரோடு ஒட்டித் தேய்த்து நடக்கவைத்து, எங்காவது உள்ளே போகிறானா என்று பார்ப்பது. ஏனென்றால் விளையாட்டில் ஒவ்வொரு சுவரும் இரண்டு சுவர். கண்ணுக்கான சுவரைப் படம் வரைகிறவர்கள் வரைவார்கள், செங்கல், பாசி, சுவரொட்டி கிழிந்த தடம் உட்பட. உடம்புக்கான சுவர் நிறமும் உருவமும் தெரியாத ஒரு பெட்டி, அதை நிரல் எழுதுகிறவர்கள் கொண்டுபோய் அதே இடத்தில் வைப்பார்கள். மோதுவது பெட்டியில்தான். வரைந்தவர் பெட்டி வைத்தாயிற்று என்று நினைத்து, பெட்டி வைக்கிறவர் அந்தச் சுவரே புதிதாக வந்தது என்று தெரியாமல் விட்டுவிட்டால், சுவர் நிற்கும், ஆள் போய்விடுவான்.

அந்தத் திங்கட்கிழமை, அதாவது மாராத்தா விழுவதற்கு முந்தின நாள், சுகிர்தா திரையில் எங்கள் ஊரைக் கண்டாள், சுவரையும் கண்டாள். பாட்டில் துண்டுகள்கூட எண்ணிப் பதித்த மாதிரி இருந்தனவாம். அந்த மனிதனைச் சுவரோடு ஒட்டி நடக்கவிட்டாள், அவன் உள்ளே போய் நாச்சிமுத்து வீட்டுக் குரோட்டன்ஸில் நின்றான். திரும்பக் கூட்டிவந்தாள். மறுபடி போகவிட்டாள். பதினோரு முறை போகவிட்டு வரவிட்டு, பிழைப் பட்டியலில் எழுதாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் சாயங்காலம் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டாள். தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனதும் அந்தப் பகுதிக்கு நேரே "பார்த்தாயிற்று, பிழை இல்லை" என்று குறித்தாள். வேலையில் அவள் எழுதிய முதல் பொய் அது.

அவளுக்கு மேலே இருந்தவர் நாகர்கோவில்காரர், ஜெபசிங் என்று பேர். அவருக்கும் சந்தேகம்தான் தொழில். பிழையே இல்லை என்று குறித்த பகுதிகளை அவரே ஒருமுறை நடந்து பார்ப்பார். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில், அவரது மனிதன் எங்கள் சுவருக்குள் நடந்து போனான்.

அவர் ஒன்றும் திட்டவில்லை. தன் கம்ப்யூட்டரிலேயே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சுவரில் பொருத்தி ஓடவிட்டுப் பார்த்தார். அப்போது மணி பத்தே கால்.

பத்தே காலுக்கு இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பொறி, கேசு என்று எங்களையெல்லாம் கட்டிப்போட்ட பழனான், காவலுக்கு உட்கார்ந்தவர்கள் கண் அசந்த நேரம் பார்த்து, நாலு நாளாகச் சுவர் வழியாகப் போய் பஸ் ஸ்டாப் கடையில் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்திருக்கிறார். அன்றும் போய்விட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தார். உடம்பு முழுவதும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டின் மறுமுனை மட்டும் வரவில்லை. துண்டு சுவரில் சிக்கி, கழுத்தை இழுத்து, ஆளை மல்லாக்கத் தள்ளியது. நாங்கள் ஓடிப் பார்த்தபோது துண்டு பாதி எங்கள் பக்கம் தொங்கியது, மீதிப் பாதி செங்கல்லுக்குள் போயிருந்தது, கொத்தனார் வைத்துப் பூசியதுபோல. நாலு பேர் பிடித்து இழுத்தும் வரவில்லை. சுவரைக் கையால் தட்டினோம், தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு எட்டு முந்தி என்றால் அந்த இடத்தில் துண்டு இல்லை, பழனானின் முதுகு.

மாராத்தா உடனே மகளுக்குப் போன் போட்டாள். "அம்மிணி, செவுரு கெட்டியாயிருச்சு. பழனாண்ணன் துண்டு உள்ள மாட்டிக்கிச்சு."

சுகிர்தா போனைக் காதில் வைத்தபடியே ஜெபசிங்கின் திரையைப் பார்த்தாள். பெட்டி இருந்தது. அதன் முன்னால் மினி பஸ்கள் வரிசையாக வந்து முட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குளிர் ஜுரம் வந்ததுபோல நடுங்கிக்கொண்டு நின்றன.

"இது என்னத்துக்கு இங்கன வந்து முட்டுது?" என்று முனகிவிட்டு ஜெபசிங் பெட்டியை எடுத்தார்.

"ஏய், வந்துருச்சு, துண்டு வந்துருச்சு" என்றாள் அம்மா போனில்.

"அம்மா, யாரும் செவுத்துப் பக்கம் போக வேண்டாம்னு சொல்லு. நீயும் போகாத. நான் சொல்ற வரைக்கும் போகாத" என்று சுகிர்தா சொன்னாள். அம்மா போகிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஜெபசிங் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு விளையாட்டை முடிச்சு அனுப்பணும். அதுக்கு முந்தி இதை எழுதிக் கொடு. எப்படி விட்டேன்னு நான் இப்பக் கேக்கல, பொறகு கேப்பேன், கேட்டியா."

அன்று மத்தியானமே நாச்சிமுத்து மாராத்தாவை நிறுத்தினார். துண்டின் மறுமுனை அவர் பக்கத்தில் தொங்கியதை அவர் கண்ணாரப் பார்த்திருந்தார், அந்த ஆத்திரத்தை யாரிடமாவது காட்ட வேண்டியிருந்தது. "இந்தச் செவுரு ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் நீ வர வேண்டாம் மாரா. உன் செருப்புல இருக்கறது இன்னிக்குச் சேறு இல்ல, நேத்துச் சேறு" என்றார். பத்து வருடம் அந்த வீட்டில் வேலை செய்தவள். செருப்பைப் பார்த்துச் சொன்னாரே தவிர மூஞ்சியைப் பார்த்துச் சொல்லவில்லை என்று எங்களிடம் வந்து அழுதாள். நாங்கள் ஆறுதல் சொன்னோம். சொல்லிக்கொண்டே, அப்படியானால் இவளும் நம்மை ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் சுகிர்தா எட்டு மணிக்கே அலுவலகம் போய் உட்கார்ந்தாள். அவர்களுடைய பிழைப் படிவத்தில் மூன்று கட்டம் இருக்கும்: எங்கே, என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது. எழுதாமல் விட்டால் ஜெபசிங்கே பெட்டியை வைத்துவிடுவார், பெட்டி வைத்துவிட்டால் பிறகு அது போகாது. "ஆள் சுவரைக் கடக்கக் கூடாது" என்று எழுதினாலும் பெட்டி வரும். வருகிற நொடியில் யார் உள்ளே இருப்பார்களோ, அதைக்கூட விட்டாலும், சுவர் மறுபடி முழுச் சுவர் ஆகிவிடும், அம்மாவின் முழங்கால் ஆயுசுக்கும் ஓடையில் இறங்கி ஏறும். இரண்டு மணி நேரம் அந்த நடுக்கட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அப்புறம் எழுதினாள்.

எங்கே: நொச்சிக்காட்டுப்புதூர், கிழக்கு எல்லை. என்ன நடக்க வேண்டும்: இது பன்னிரண்டு அடிப் பொதுப் பாதை, பஸ்ஸும் ஆளும் போக வேண்டும். என்ன நடக்கிறது: பாதையின் குறுக்கே ஒரு சுவர் தெரிகிறது.

பாலிதீன் உறைக்குள் இருந்த படத்தை முந்தின ராத்திரியே போனில் எடுத்து வைத்திருந்தாள், அதைக் கீழே இணைத்தாள்.

ஜெபசிங் அதைப் படித்துவிட்டு அவள் மேசைக்கே வந்தார். "நான் பெட்டி இல்லன்னு எழுதச் சொன்னேன். நீ சுவரே தப்புன்னு எழுதியிருக்க."

"ஆமா சார்."

"இந்தப் படம் எங்கேருந்து கிடைச்சுது?"

"எங்க ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கும் சார்."

அவர் திரையில் இருந்த படத்தின் மேல் குனிந்தார். "ஒனக்கு அந்த ஊரா?"

"சுவத்துக்கு இந்தப் பக்கம் சார்."

எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்தது. "அப்ப இது ஒன் சொந்தக் காரியம். சொந்தக் காரியத்தை வேலைக்குள்ள கொண்டு வரப்பிடாது. டிரோன் படத்துல சுவர் இருக்கு. நிஜத்துல இருக்குறதத்தான நாம வைக்கணும்?"

"பஸ் போற வழிய டிரோன் படத்துலேருந்து எடுக்கலியே சார், நில அளவைப் படத்துலேருந்து எடுத்தீங்க. அதுல சுவர் இல்ல. அதுனாலதான் பஸ் வந்து முட்டுது. பெட்டி வெச்சா பஸ் நிக்கும். பெட்டி வெக்காட்டி சுவர் பொய். ரெண்டுல எது பிழைன்னு நீங்களே சொல்லுங்க." இதைச் சொல்லும்போது, அழுதுவிடக் கூடாது என்று மேசைக்கு அடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டு இருந்தாளாம்.

ஜெபசிங் தன் இடத்துக்குப் போய் நில அளவைப் படத்தைத் தானாகவே இன்னொரு இடத்திலிருந்து எடுத்துப் பார்த்தார், அவள் கொடுத்ததை நம்பாமல். அதிலும் பாதை இருந்தது. அளந்து பார்த்தார், பன்னிரண்டு அடி. அவருக்கு அவள்மீது இருந்த சந்தேகம் போகவில்லை. ஆனால் அளவு சரியாக இருந்தால் ஒத்துக்கொள்கிற மனிதர். மணி பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, சுவரைத் தேர்ந்தெடுத்து, அழித்தார்.

இங்கே நாங்கள் அன்று முப்பது பேர் நாற்காலிகளில் இருந்தோம். துண்டு விஷயத்துக்குப் பிறகு பயம் கூடிப் போய், இன்னும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். மாராத்தா முதல் வரிசையில் இருந்தாள், வேலையும் இல்லை, போக இடமும் இல்லை. சத்தம் ஏதும் கேட்கவில்லை. தூசி எழவில்லை. ஒரு பாட்டில் துண்டுகூடக் கீழே விழவில்லை. சுவர் இருந்தது, அப்புறம் இல்லை.

சுவர் இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருந்தார்கள். அதே பிளாஸ்டிக் நாற்காலிகள், அதே சிவப்பு நிறம், அதே பந்தல்காரரின் பேர் முதுகில் எழுதியது. ஆறடி தூரம்கூட இல்லை. நாச்சிமுத்துவின் முழங்காலுக்கும் மாராத்தாவின் முழங்காலுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்க இடம் இருந்தால் அதிகம். இத்தனை நாளாக எதிரிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தோமே, அவர்கள் இவ்வளவு பக்கத்திலா என்று எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு அம்மாள் மடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். யாரும் எழவில்லை. நாங்கள் அவர்கள் எழுவார்களா என்று பார்த்தோம், அவர்கள் நாங்கள் எழுவோமா என்று பார்த்தார்கள். பழனான் என் காதுக்குள், "அசையாத, இதுலயும் ஏதோ இருக்குது" என்றார்.

மாராத்தா எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு எட்டு வைத்து, நாச்சிமுத்துவின் முன்னால் போய் நின்றாள்.

நாச்சிமுத்து முதலில் அவள் செருப்பைப் பார்த்தார். அதில் சேறு இல்லை. பிறகு மூஞ்சியைப் பார்த்தார். "நான்தான் வர வேண்டாம்னு சொன்னனே மாரா" என்றார்.

"உங்கூட்டுக்கு வரலீங்க" என்றாள் மாராத்தா. "பஸ் ஸ்டாப்புக்குப் போறேன். சேரைக் கொஞ்சம் நகத்துங்க, பாதையில உக்காந்திருக்கறீங்க."

அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியே நாற்காலியை ஒரு சாண் தள்ளினார், ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகிற அளவுக்கு வழி விட்டார். மாராத்தா போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். நாங்களெல்லாம், இந்த வழியே போதுமே, போய்விடேன் என்று மனசுக்குள் கெஞ்சினோம்.

"பன்னண்டு அடிங்க சார்" என்றாள் மாராத்தா.

நாச்சிமுத்து எழுந்து நாற்காலியைத் தூக்கினார்.